மல்லாந்து, குப்புற, நேராக

சென்னை
3 ஜூன் 2024

ஜெப்சிக்கு,

பாசத்தால் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் நம்பரை நான் பிளாக் செய்திருக்கிறேன். நீ என்னுடையதைச் செய்திருக்காவிட்டால் இப்போது செய்துகொள். ரயிலில் வரும்போது நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தெரியாமல் தட்டிவிட்டேன். "நீ எப்படிக் கெடந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா மல்லாந்து கெட" என்று நீ அழுததை அந்தப் பெட்டியே கேட்டது. மேல் பெர்த்தில் ஒருக்களித்துக் கிடந்த ஒரு பெரியவர் பயந்துபோய் மல்லாந்து படுத்தார். என்னோடு துணைக்கு வந்த சஜிதா டீச்சர் சிரிப்பை அடக்கப் பாத்ரூமுக்குப் போனாள். என்னை இங்கே சேர்த்துவிட்டு அவள் நேற்றே திரும்பிவிட்டாள்.

பேச்சிப்பாறை ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்த நாளிலிருந்து நீதான் என்னைப் பார்த்துக்கொண்டாய். மறுக்கவில்லை. ஆனால் குப்புறப் படுத்தால்தான் எனக்கு முதுகு வலி குறைகிறது என்று எத்தனை தடவை சொன்னேன்? நீ கேட்டாயா? தலையணையைப் பிடுங்கினாய், என்னைத் தோசை மாதிரி புரட்டினாய். நான் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவள். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இந்த ஆஸ்பத்திரியில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீயாக ஏதாவது கதை கட்டிவிடாமல் இருக்க. முதுகில், விலா எலும்பு முடிகிற இடத்துக்கு நேராக, ஒரு ஒட்டுப்பட்டை. வயிற்றில் தொப்புளுக்கு இருபுறமும் இரண்டு. தோலுக்கு மேலேயே சின்னதாகக் கரண்ட் விடுவார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. என் தண்டுவடம் முழுதாக அறுந்துபோகாததால், மிச்சம் இருக்கிற நரம்புகளைத் தட்டி எழுப்பிப் பார்க்கிறார்கள். உடம்பு எந்த நிலையில் இருந்தால் அந்தக் கரண்ட் சரியான நரம்பைத் தொடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. மல்லாந்து, குப்புற, நின்று, மூன்று விதமாகவும் பார்ப்பார்களாம். ஆக, நம் வீட்டில் நடந்த சண்டைக்கு இங்கே ஒரு துறையே வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கம் திறக்கிற மாதிரி நீ தைத்த நைட்டிகளை மறந்துவிட்டு வந்தேன். அனுப்பு. கடிதம் வேண்டாம். ஷாக் வைக்கிறார்கள் என்று ஊரில் பரப்பவும் வேண்டாம்.

கூட இருக்க உறவினர் உண்டா என்று கேட்டார்கள். யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜாஸ்பின்


நெய்யூர்
10 ஜூன் 2024

கர்த்தருக்குள் (கர்த்தருக்குள் மட்டும்) அன்பான அக்காவுக்கு,

நைட்டிகள் அனுப்பியாயிற்று. உள்ளே முந்திரிக்கொத்து இருக்கும். அது நைட்டி கசங்காமல் இருக்க வைத்தது. தின்பதற்காக வைக்கவில்லை. வேண்டுமென்றால் தின்னலாம்.

யாருமில்லை என்று சொன்னாயாம். சந்தோஷம். அப்படியானால் ராத்திரியும் பகலும் உன்னைப் புரட்டிப் போட்டது யார்? எங்கள் வீட்டுக் கோழியா? முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டேனே, அதைக் கோழி பார்த்ததா? மல்லாந்து படுக்கவை, அப்புறம் பக்கவாட்டில் திருப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதைத்தான் செய்தேன். எனக்கு உன்னைப் போல அறிவியல் தெரியாது. சொன்னதைச் செய்யத் தெரியும்.

நீ பரப்ப வேண்டாம் என்று எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. சஜிதா டீச்சர் வியாழக்கிழமையே வந்து எல்லாம் சொல்லிவிட்டாள். அன்றைக்கே பரப்பிவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் போதகர், "மின்சாரத்தில் இருக்கும் நம் சகோதரி ஜாஸ்பினுக்காக" என்று ஜெபித்தார். பின்வரிசையில் இருந்த ஒருத்தி என் முழங்கையைப் பிடித்து, "டீச்சருக்கு கரண்டாபீஸ்ல வேலையா கெடச்சிருக்கு? சொல்லவே இல்லியே மக்கா" என்றாள்.

மஸ்கட்டிலிருந்து விபின் போன் செய்தார். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை, பெண்டாட்டியின் அக்காள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஜினிஷா பிளஸ் டூ பாடத்தை வைத்துக்கொண்டு பெரியம்மா இல்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் நீதான் வேண்டும். எனக்கு மட்டும் வேண்டாம்.

இங்கே மழை விடாமல் அடிக்கிறது. அங்கே வெயில் என்று டிவியில் சொன்னார்கள். தண்ணி குடிக்கிறாயா? சும்மா கேட்டேன். பதில் எழுத வேண்டாம்.

ஜெப்சி

பி.கு. ஷாக் வலிக்கிறதா?


சென்னை
17 ஜூன் 2024

ஜெப்சிக்கு,

வலிக்கவில்லை. எறும்பு ஊர்வது போல இருக்கிறது, கொஞ்சம் கூட்டினால் யாரோ உள்ளே இருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது. முந்திரிக்கொத்து நசுங்கித்தான் வந்தது. தின்றேன்.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்கிற பிசியோ தேங்காய்ப்பட்டணத்துக்காரி. பெயர் ஸ்மைலின். பெயர் வைத்த தகப்பனை யாராவது கோர்ட்டில் ஏற்ற வேண்டும், சிரிப்பு என்பதே கிடையாது. ஆனால் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதலில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். உனக்குப் பிடிக்குமே. தொடையிலும் கெண்டையிலும் சின்னச் சின்ன ஒயர்கள் ஒட்டினார்கள். தசை துடித்தால் கம்ப்யூட்டரில் கோடு எழும்பும். கரண்டை ஒரு தட்டுத் தட்டியதும் கெண்டைச் சதை துடித்தது. விழுந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்காத கால், ஒரு மெஷின் பேச்சைக் கேட்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு அடுத்தடுத்து இரண்டு தட்டு. முதல் தட்டுக்கு நன்றாகத் துடித்தது, இரண்டாவதற்கு இருக்கிறதோ இல்லையோ என்று துடித்தது. அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் அபிதா கோட்டைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது கேள். அடுத்த நாள் குப்புறப் படுக்க வைத்தார்கள். அதே பட்டை, அதே கரண்ட். தட்டியதுதான் தாமதம், கால் துள்ளியது. இரண்டாவது தட்டுக்கும் அதே துள்ளல், ஒரு மயிரிழை குறையவில்லை. ஸ்மைலின் கையில் வைத்திருந்த ஜெல் பாட்டில் பறந்துபோய் ஜன்னலில் அடித்தது.

"டீச்சரே, ஒங்க காலு சாடுது!" என்றாள்.

"சாடட்டும் மக்கா. மல்லாக்கக் கெட்டிப் போட்டிருந்த காலாக்கும் அது" என்றேன்.

ஆக, யார் சொன்னது சரி? நான் பாடம் நடத்தவில்லை. நீயே யோசித்துப் பார். குப்புறப் படுத்தால் கால் துள்ளுகிறது. உன் தலையணையோடு நீ நடத்திய யுத்தத்தில் எத்தனை துள்ளல் வீணாய்ப் போயிற்றோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

தண்ணி குடிக்கிறேன்.

ஜாஸ்பின்


நெய்யூர்
24 ஜூன் 2024

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். கால் துள்ளியது என்ற இடம் வந்ததும் ஜினிஷாவைக் கட்டிப்பிடித்தேன். அதற்குக் கீழே இருப்பதை வாசித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீன்கறி அடிபிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். அக்காளின் கால் துள்ளியது, குப்புறப் படுத்ததால் துள்ளியது என்றேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அது அத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். இப்போது பெண்கள் ஐக்கியத்தில் இடுப்பு வலி, முழங்கால் வலி, வாயு என்று யாருக்கு என்ன இருந்தாலும் வீட்டில் குப்புறக் கிடக்கிறார்கள். மத்தியானம் எந்த வீட்டில் போய்க் கூப்பிட்டாலும் தரையிலிருந்துதான் பதில் வருகிறது. கோயில் மணி அடிக்கிற தங்கப்பன் அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம் குப்புறப் படுத்தவர் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். மணி அடிக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கான ஆயத்த ஜெபத்துக்கு யாரும் வரவில்லை. போதகர் என்னைக் கூப்பிட்டு, "சாட்சி கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது மக்கா. இனிமே எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு சொல்லு" என்றார்.

இதையெல்லாம் உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு வரவில்லை.

அக்கா, நான் உன் காலைக் கெடுத்துவிட்டேனா? உண்மையைச் சொல்லு. நீ குப்புறத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் நான் பிடித்துத் திருப்பினேன். ஒரு நாள் நீ அழுதாய். நான் விடவில்லை. 'அழுதாலும் பரவாயில்லை, புண் வரக்கூடாது' என்றுதான் என் மனசில் இருந்தது. அந்த நேரம் கால் தன்னைத்தானே சரியாக்கிக்கொண்டிருந்திருக்குமோ, நான் நடுவில் புகுந்து கெடுத்தேனோ என்று யோசித்தால் சோறு இறங்கவில்லை. யாரிடம் கேட்பது? விபினிடம் சொன்னால், நானும் ஜினிஷாவும் போனில் அழுவதைக் கேட்டு, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கரையாதீங்க, எனக்கு லைன் கட்டாவுது" என்கிறார்.

டாக்டரிடம் கேட்டு எழுது. திட்டுவதாக இருந்தாலும் எழுது.

ஜெப்சி


சென்னை
29 ஜூன் 2024

அன்புள்ள ஜெப்சி,

நீ என் காலைக் கெடுக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன், மீதியை நீ மீன் கருகாமல் வாசிக்கலாம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அபிதாவிடம் போனேன். "குப்புறப் படுக்காததால் என் கால் வீணாகிவிட்டதா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யார் சொன்னது? குப்புறப் படுத்தபோது வந்த துள்ளல் எங்களுக்குப் பயனே இல்லாதது" என்றார். நான்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஒரு நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. மல்லாந்து படுத்தால் அது முதுகுப் பக்கமாகத் தாழ்ந்து, பட்டைக்குக் கிட்டே வருகிறது. கரண்ட் உள்ளே போகிற உணர்வு நரம்பைத் தொட்டு, தண்டுவடத்துக்குள் போய், அங்கிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டு காலுக்கு வருகிறது. குப்புறப் படுத்தால் தண்டுவடம் வயிற்றுப் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அப்போது கரண்ட் காலுக்குப் போகிற நரம்பையே நேராகப் பிடித்துவிடுமாம். எல்லோருக்கும் அப்படி இல்லை, எனக்கு அப்படி. இதை டாக்டர் படம் போட்டு விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை. அறிவியல் டீச்சர். ஸ்மைலின்தான் சொன்னாள்:

"டீச்சரே, மல்லாந்து கெடக்கும்ப நம்ம கரண்டு வாசல்ல நின்னு ஆளக் கூப்பிடும். உள்ள இருக்க ஆளு வந்து கதவத் தொறக்கும். குப்புறக் கெடக்கும்ப காத்தடிச்சு கதவு தன்னால தொறக்கும். ரெண்டும் தொறந்த கதவுதான். ஆனா காத்துக்குத் தொறந்தா வீட்டுல ஆளு உண்டான்னு எப்படித் தெரியும்?"

"அப்பம் அந்த ரெண்டாவது தட்டு?"

"ஒருக்க கூப்பிட்டு ஆளு வந்தாச்சு. உடனே இன்னொருக்க கூப்பிட்டா என்ன செய்யும்? 'இப்பம்தானே வந்தேன்'னு உள்ள இருந்து முனங்கும். காத்துக்கு முனங்கத் தெரியாது. எத்தன மட்டம் அடிச்சாலும் ஒரே அடிதான்."

அதனால்தான் மல்லாந்து படுத்தபோது இரண்டாவது துடிப்பு குறைந்ததற்கு டாக்டர் தலையாட்டியிருக்கிறார். முனகல் கேட்டதாம். என் தண்டுவடத்துக்குள் ஆள் இருக்கிறது, ஜெப்சி. அதுவும் உன்னைப் போல ஒரு ஆள். கூப்பிட்டால் வரும், வந்ததும் முனகும்.

அவசரப்பட்டு எழுதி உன்னைச் சோறு தின்னவிடாமல் செய்துவிட்டேன். தங்கப்பன் அண்ணனை எழுப்பி உட்காரவை.

இனி நல்ல சேதி இல்லை. நேற்று நிற்கவைத்துப் பார்த்தார்கள். இடுப்பில் பெல்ட், மேலே கொக்கியிலிருந்து கயிறு, இருபுறமும் கம்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்மைலின். கரண்ட் விடாமல் ஓடியது. நின்றால் மல்லாந்து கிடப்பதைப் போலவே வேலை செய்யும் என்றார்கள். செய்யவில்லை. எனக்குப் பயம். தரையையே பார்த்துக்கொண்டு இறால் மாதிரி முன்னால் வளைந்துவிட்டேன். முதுகு வளைந்தால் பட்டைக்கும் நரம்புக்கும் நடுவில் இருக்கிற இடம் மாறிவிடுமாம். நிமிருங்கள் நிமிருங்கள் என்று டாக்டர் சொன்னார். நிமிர்ந்தால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. இன்றைக்கும் அதே கதை.

அடுத்த கட்டம் முழுக்க நிற்கிற பயிற்சிதான். அதற்கு வீட்டிலிருந்து ஒருவர் கூட இருந்து பழக வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க முடியாது என்கிறார்கள். சேதிக்காக எழுதுகிறேன். கேட்பதற்காக அல்ல. உனக்கு அங்கே ஆயிரம் வேலை.

ஜாஸ்பின்


நெய்யூர்
4 ஜூலை 2024

அன்பான அக்காவுக்கு,

நான் வர முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜினிஷாவுக்குப் பரீட்சை. கோழி அடைகாக்கிறது. அடுக்களைக் கூரையில் ஓடு மாற்ற ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் வருகிற நாளில் நான் இல்லாவிட்டால் இனி அடுத்த மழைக்குத்தான் வருவான். அதுவும் போக, யாருமில்லை என்று நீ ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாய். இல்லாத ஆள் எப்படி வந்து நிற்பது? உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசில்லை.

ஜினிஷாவைச் சஜிதா டீச்சர் வீட்டில் விட்டிருக்கிறேன். அது வர முடியாததற்குச் சம்பந்தமில்லாத விஷயம். கோழியைத் தங்கப்பன் அண்ணன் பார்த்துக்கொள்வார், அவருக்கு இப்போது இடுப்பு பரவாயில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டால் ரயிலில் கெட்டுப்போகுமா என்று யோசிக்கிறேன். நேந்திரங்காய் வற்றல் கெடாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் வந்துவிடுவேன் போலிருக்கிறது. எழுதிவிட்டதால் போஸ்ட் செய்கிறேன்.

ஜெப்சி


நெய்யூர்
13 ஜூலை 2024

ஜாஸ்பின் அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ விசாரிக்க மாட்டாய் என்பதால் நானே சொல்கிறேன்.

நடந்தது என்ன என்று நீ ஒரு விதமாக எழுதுவாய், அதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன். வந்த அன்றே அந்தக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். கூட இருக்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நல்லது, விருப்பமிருந்தால் படுக்கலாம் என்றார் டாக்டர். படுக்கிறேன் என்று நான்தான் சொன்னேன், சரி. அதற்காக "எனக்க ஏசுவே!" என்று நான் கத்தியதை நீ வார்டில் ஒவ்வொருவரிடமும் நடித்துக் காட்டியிருக்க வேண்டாம். சிரிக்கவே மாட்டாள் என்று நீ எழுதிய அந்தப் பிள்ளை ஸ்மைலின், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கால் துடித்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். இரண்டாவது தட்டுக்கு முனகியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம் இருவர் காலும் ஒரே மாதிரி முனகுகிறதே என்று. அதைச் சொல்ல நீ நேரம் தரவில்லை.

மறுநாள் உன்னை நிற்க வைத்தார்கள். நான் எதிரில் நின்றேன். நீ வளைந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய். ஸ்மைலின் சொன்னாள், கேட்கவில்லை. டாக்டர் சொன்னார், கேட்கவில்லை. கோடு ஒன்றும் வரவில்லை. டாக்டர் ஸ்மைலினைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. இனி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பதற்றம், வெப்ராளம் தாங்கவில்லை. வாயில் என்ன வருகிறது என்று பார்க்காமல் கத்திவிட்டேன்:

"நேரா நில்லுட்டி!"

ஒத்துக்கொள்கிறேன், அக்காளை யாரும் அப்படிக் கூப்பிடக்கூடாது. என் ஜென்மத்தில் கூப்பிட்டதில்லை. ஆனால் நீ என்ன செய்தாய்? கண்ணைத் திறந்தாய். தலையைத் தூக்கினாய். நெஞ்சை விரித்துக்கொண்டு, "எனக்கா ட்டி போடுதியா? நான் ஒனக்கு அக்காளா, இல்ல ஆட்டுக்குட்டியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்தாய். நான் பிறந்தபோது தொட்டில் ஆட்டியது முதல் எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்ததுவரை ஒவ்வொன்றாகச் சொன்னாய். அழுக்கு நைட்டியோடு ஆராதனையில் நிற்கிற மாதிரி நின்றேன். அப்புறம் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டு, என் தலையையே முறைத்தாய். உன்னை உட்கார வைத்த பிறகும் ஒரு வார்த்தை இல்லை. நான் பையை எடுத்தேன். தடுப்பாய் என்று பார்த்தேன். கதவைச் சாத்தும்வரைகூட பார்த்தேன்.

கோழி ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது. கேட்க மாட்டாய், சொன்னேன்.

ஜெப்சி


சென்னை
19 ஜூலை 2024

அன்புள்ள ஜெப்சி,

நீ எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முழுசாக எழுதவில்லை, ஏனென்றால் நீ முழுசாகப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். டாக்டர் அபிதா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஸ்மைலின் என் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் தொட்டிலைப் பற்றிப் பேசும்போது ஒரு கை, வாய்ப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மறு கை. எனக்குத் தெரியாது. கயிறும் தளர்ந்துதான் இருந்தது. என் காலில்தான் நின்றிருக்கிறேன், ஜெப்சி. தலை தூக்கி, முதுகு நிமிர்ந்து, கரண்ட் போக வேண்டிய இடத்துக்குப் போய், கால் இரண்டும் என்னைத் தாங்கியிருக்கிறது. கோடு வரிசையாக எழும்பியதை டாக்டர் பிறகு காட்டினார்.

இதை நம்பி ஸ்மைலின் மறுநாள் என் எதிரில் நின்று, "நேரா நில்லுங்கட்டி" என்றாள். மரியாதையோடு ட்டி போடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். சிரித்ததில் மறுபடியும் வளைந்துவிட்டேன். கோபம் காரணமில்லை, நிமிர்ந்ததுதான் காரணம் என்கிறார் டாக்டர். அதனால் எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு காலண்டர் மாட்டி அதைப் பார்க்கச் சொன்னார்கள். அதிலும் நிற்கிறேன், கொஞ்ச நேரம். காலண்டரைத் திட்ட முடியவில்லை.

நீ ஊரில் போய் அக்காள் நடந்துவிட்டாள் என்று சாட்சி சொல்லிவிடாதே. மெஷினை அணைத்தால் முழங்கால் மடங்கிவிடுகிறது. நடப்பேன் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறினால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம். அதற்கே இந்தப் பயிற்சி முழுவதும் வேண்டும். அதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும்.

இனி நான் பேச்சை நிறுத்தியதற்கு வருகிறேன்.

விழுந்த நாளிலிருந்து எல்லோரையும் கீழிருந்துதான் பார்க்கிறேன். உன் தாடை எனக்கு நன்றாகத் தெரியும். மூக்கு தெரியும், திட்டும்போது அது விரிகிற விதம் தெரியும். அன்று உன்னைத் திட்டிக்கொண்டே கண்ணைத் தாழ்த்தினேன். நீ எனக்குக் கீழே இருந்தாய். என் தோள் உயரம்தான் நீ என்பதே எனக்கு ஓர்மையில்லாமல் போயிருந்தது. உன் உச்சி தெரிந்தது. வகிடு முழுக்க நரை, ஜெப்சி. நான் விழுவதற்கு முன்னால் அது ஒரு வெள்ளை இழை இல்லாமல் கறுப்பாக இருந்தது, நான்தானே தலை வாரிவிடுவேன். அதைப் பார்த்த பிறகு, திட்ட வைத்திருந்த மீதி எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நீ பையை எடுத்ததைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன், வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

வா, ஜெப்சி. கேட்கிறேன். திங்கட்கிழமை பயிற்சி தொடங்க வேண்டியது, ஆள் வரட்டும் என்று டாக்டரிடம் தவணை வாங்கியிருக்கிறேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போனில் கூப்பிட்டால் நீ முதலில் திட்டுவாய், பிறகு நான் திட்டுவேன், கேட்க வந்தது கேட்காமல் போய்விடும்.

நரைக்கு ஏதாவது டை அடித்துக்கொள். உனக்கு என்ன வயதாகிவிட்டது?

அக்கா


நெய்யூர்
24 ஜூலை 2024

அன்பான அக்காவுக்கு,

ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். ஞாயிறு காலையில் வருகிறேன். ஆராதனைக்கு இல்லாமல் வருவதால் போதகரிடம் சொன்னேன். "சாட்சி வல்லதும் உண்டா?" என்று பயந்துகொண்டே கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். அவருக்கு நிம்மதி.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். நீ வளைந்தால் நான் மறுபடியும் ட்டி போடுவேன். டாக்டர் கோபம் காரணமில்லை என்று சொன்னாலும் போடுவேன். அவருக்குக் கரண்டைத் தெரியும், எனக்கு உன்னைத் தெரியும்.

உன் கடிதத்தை ஜினிஷா வாசித்துவிட்டு, ஓடிப்போய்க் கடையிலிருந்து டை பாக்கெட் வாங்கி வந்தாள். கிண்ணத்தில் கலக்கியும் வைத்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தேன். நிறைய இருக்கத்தான் செய்கிறது, நான் கவனிக்கவே இல்லை. பிறகு கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கழுவிவிட்டேன். பெரியம்மா திட்டுவாளே என்றாள் ஜினிஷா.

திட்டட்டும். நீ நிமிர்ந்து நிற்கிற அன்றைக்கு மேலேயிருந்து பார்க்க ஏதாவது வேண்டாமா?

ஜெப்சி